அம்மன் ஊற்றை மூடிய ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு மருந்தடிக்க வந்தார்கள். இப்போதெல்லாம் சுவரில் அடித்தால் போதுமாம். கொசு வந்து உட்கார்ந்தால் அதோடு அதன் கதை முடிந்ததாம். சாமான்களை வெளியே எடுத்து வைத்து, அடித்து முடித்து, வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இருவரில் மூத்தவர் கேட்டார்.

"ஏம்மா, நீங்க அந்தக் காலத்து எண்ணெய் கேங்காமே? ஓடையில எறங்கி கொசுப்புழுவ ஒண்ணொண்ணா தேடுவீங்களாமே? நெசமா?"

"நெசந்தான். இருவது வருசம் தேடினேன்."

"எதுக்கும்மா அவ்வளவு கஷ்டம்? செவுத்துல அடிச்சா ஆச்சே."

"அப்ப இந்த மருந்து இல்லப்பா. நாங்கதான் இருந்தோம்."

அவர் சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, "அத எழுதி வைங்கம்மா. எங்க ஆளுங்க படிக்கணும்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன். இருபது வருஷத்தில் மாசாய்ப் பக்கம், பொந்தியான் பக்கம் என்று பல தோட்டங்களுக்குப் போய் வேலை காட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதினால் ஒரே மாதிரி இருக்கும். முதல் தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

என் பெயர் பாக்கியம். சேலம் ஜில்லாவிலிருந்து என் வீட்டுக்காரர் சின்னையாவோடு ஜொகூருக்குக் கப்பலேறி வந்தேன். குளுவாங் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் போனால் வரும் ஒரு புதுத் தோட்டம். காட்டை வெட்டி, எரித்து, ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த சமயம். எங்கள் மகள் பொன்னி அங்கேதான் பிறந்தாள். பெரிய சண்டை முடிந்து இரண்டாவது மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஐந்து வயசு. எட்டாம் நாள் போய்விட்டாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றே சின்னையா படுத்தார். அவருக்குப் பத்து நாள்.

கூலிகள் குடியிருந்த லயத்தின் கடைசியில், மேட்டின் அடிவாரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் நான் அங்கே போய் விழுந்து கிடந்தேன். என்ன வேண்டினேன், எப்படி அழுதேன் என்பதெல்லாம் எழுத்தில் வராது. சின்னையாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள் அந்தப் பக்கம் போவதை விட்டேன். கோயிலடி வழியாகப் போனால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம். நான் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவேன். உடுக்கைச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். யாராவது "அம்மா கைவிடமாட்டா" என்று ஆறுதல் சொன்னால், அவர்கள் வீட்டு வாசலை அதன்பின் மிதித்ததில்லை.

மறு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கப் புதிதாக ஒரு டிரஸ்ஸர் வந்தார். அருளப்பன் என்று பெயர், திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். ஒல்லி, மூக்குக்கண்ணாடி. தோட்டத்தில் எங்களை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் உத்தியோகஸ்தர் அவர்தான். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துக்கு அவர் வந்து, எண்ணெய் கேங்குக்கு நாலு பேர் வேண்டும் என்று கேட்டார். முன்வரிசை ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். மண்ணெண்ணெயும் கறுப்பெண்ணெயும் கலந்து டின்னில் ஊற்றி முதுகில் சுமந்து ஓடை ஓடையாகத் தெளிக்கிற வேலை. குளித்தாலும் நாற்றம் போகாது, பக்கத்தில் ஒருத்தரும் உட்காரமாட்டார்கள் என்று வேறு தோட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். தைரியத்தால் இல்லை. பக்கத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றால் அதுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது. எனக்கு அடுத்த வீட்டு மீனாட்சி, "நீ போனா நானும் வரேன்க்கா" என்று அவளும் கையைத் தூக்கினாள். பிறகு இரண்டு ஆண்கள் வந்தார்கள்.

வேலை பழக ஒரு மாதம்தான் ஆனது. நீளமான பிடி வைத்த வெள்ளைப் பீங்கான் அகப்பை ஒன்று ஆளுக்குக் கொடுத்தார் டிரஸ்ஸர். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் நம் நிழல் ஓடையில் விழுந்து புழு கீழே போய்விடும். அதனால் சூரியனைப் பார்த்தபடி குனிய வேண்டும். கரையோரப் புல்லில் அகப்பையின் உதட்டைச் சாய்த்து, தண்ணீர் தானாக உள்ளே வரும்படி விடவேண்டும். கலக்கக்கூடாது. பிறகு அசையாமல் நூறு எண்ண வேண்டும். வெள்ளைப் பீங்கானில் புழு தெரியும். தலைகீழாகத் தொங்கினால் அது வெறுமே கடிக்கிற கொசு. சின்னத் துரும்பு மாதிரி தண்ணீர்மேல் படுத்திருந்தால் அது காய்ச்சல் கொசு.

முதல் தடவை அந்தத் துரும்பை டிரஸ்ஸர் காட்டியபோது நான் கேட்டேன்.

"இதுதான் குளிர் காய்ச்சல் குடுக்குதா?"

"இது பெரிசாகி, பறந்து, காய்ச்சக்காரங்கள கடிச்சிட்டு அப்புறம் உங்கள கடிச்சா, வரும்."

"எம்பொண்ணக் கொன்னது இதானா?"

வேறு யாராவது இருந்திருந்தால் விதி என்றிருப்பார்கள், ஆண்டவன் சித்தம் என்றிருப்பார்கள். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் வேலை செய்தது வஞ்சத்தில். வேறு வார்த்தை இல்லை. காலை ஆறு மணிக்கு டின்னைத் தூக்கினால் பன்னிரண்டு வரைக்கும் உட்காரமாட்டேன். அட்டை கடிக்கும், முள் கிழிக்கும். எண்ணெய் பட்டு அந்தத் துரும்புகள் துடித்து நிற்பதைப் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும். முட்டை பொரிந்து கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குமேல் கொஞ்சம் ஆகும். அதனால் ஒவ்வொரு தண்ணீரையும் வாரம் தவறாமல் பார்த்தாக வேண்டும். ஒரு வாரம் விட்டால் முந்தின வாரத்து உழைப்பு வீண்.

டிரஸ்ஸரின் வழிமுறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் தோட்டத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு ஓடைக்கும் ஊற்றுக்கும் ஓர் ஆணி அடித்திருந்தார். சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் வரிசையாகப் போய் நிற்போம். புழு இருந்த இடத்து ஆணியில் சிவப்பு நூல் தொங்கும். சுத்தமான இடத்தில் வெள்ளை நூல். நூலைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொரு ஆணிக்கும் அதே கேள்வியைக் கேட்பார். "கண்ணால பாத்தீங்களா, இல்ல நெனைக்கிறீங்களா?" குரல் உயராது. நினைக்கிறேன் என்றால், நூலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஆணிக்குப் போவார். நாங்கள் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். மாதம் ஒரு தடவை பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி தட்டுப்படும். தொடுமுன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், உண்மை தெரியாது என்பார்.

மூன்று வருஷத்தில் காய்ச்சல் பாதிக்குமேல் குறைந்தது. மீனாட்சிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. படத்தில் வெள்ளை நூல்கள் அதிகமாகிக்கொண்டே போயின.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

கோயிலுக்குப் பின்னால் பாறைக்கு அடியில் ஓர் ஊற்று உண்டு. அம்மன் ஊற்று என்பார்கள். அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீர்தான். கோயிலடி வரிசை என் பங்கில் இருந்தது. முதல் வாரம் டிரஸ்ஸரே போய் அதைப் பார்த்துவிட்டு, சுற்றிலும் பெரிய மரங்கள், இருட்டு, இந்தப் புழுவுக்கு வெயில் வேண்டும், இங்கே வராது, ஆனாலும் வாரா வாரம் பாருங்கள் என்றார். நான் ஒரு வாரம்கூடப் போகவில்லை. அவள் வாசலை மிதிக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை அந்த ஆணிக்கு வரும்போது அவர் கேட்பார், "கண்ணால பாத்தீங்களா?" நான், "பாத்தேன்" என்பேன். வெள்ளை நூல் தொங்கும். மூன்று வருஷம் அந்தப் பொய் பலித்தது, மரங்களின் புண்ணியத்தில்.

நான்காம் வருஷம் திருவிழா முடிந்து ஒரு மாதத்தில் கோயிலடி லயத்தில் காய்ச்சல் புகுந்தது. ஒரு வீடு, மூன்று வீடு, பிறகு எல்லா வீடும். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். பூசாரி வேலுவின் மகன் படுத்தான். மீனாட்சியின் பெண்ணுக்கும் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"எங்கயோ ஒரு தண்ணிய விட்டுட்டோம்" என்றார் டிரஸ்ஸர். தேடினோம். மாட்டுக் குளம்பு பதிந்த குழி, வேர் இடுக்கு, கூரைத் தகரத்தின் மடிப்பு, ரப்பர் மரத்துப் பால் கோப்பை, எல்லாம் பார்த்தோம். எல்லா ஆணியிலும் வெள்ளை நூல். ஆஸ்பத்திரியில் மட்டும் ஆள் கூடிக்கொண்டே போனது. ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி ராமசாமி பெரட்டில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"ஊர்ல இருக்கிற தண்ணியிலெல்லாம் எண்ணெய ஊத்துறாங்க. அம்மாவுக்குக் கோவம் வராம என்ன செய்யும்?"

அன்று புல்மேட்டில் டின்னை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மீனாட்சி யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்.

"நேத்து கோயிலுக்குப் போயி அழுதேன்க்கா. நெழலா இருந்த எடம், இப்ப கண்ணு கூசுது. திருவிழா பந்தலுக்குன்னு மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டாங்களே."

எழுந்தேன். அகப்பையை எடுத்தேன். "எங்கக்கா?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

உச்சி வேளை. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்றேன். மரங்கள் இருந்த இடத்தில் வெறும் அடிக்கட்டைகள். ஊற்று வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது. அவ்வளவு தெளிவான தண்ணீர். முட்டி போட்டு, சூரியனைப் பார்த்துக் குனிந்து, அகப்பையின் உதட்டைச் சாய்த்தேன். நூறு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. இருபதுக்குள் ஏழு துரும்புகள் தண்ணீர்மேல் படுத்திருந்தன.

அகப்பையைக் கையில் ஏந்தியபடியே கோயிலுக்குள் போனேன். பூசாரி வேலைக்காட்டில் இருந்தார், யாரும் இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்தேன். என்னென்னவோ திட்ட வேண்டும் என்று நாலு வருஷம் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கண் அகப்பையில் இருந்த துரும்புகளுக்கே போனது. என் மகளையும் புருஷனையும் எடுத்துக்கொண்டவள் என்று யாரை வெறுத்தேனோ, அவள் காலடியிலேயே அந்தப் புழு இருந்தது. இது அவள் ஏவியது இல்லை. அவள் வாசலுக்கே வந்த எதிரி. அதை எடுக்கத் தெரிந்தவள் இந்தத் தோட்டத்தில் நான். அவள் வாசலில் இருந்து வாரா வாரம் ஒளிந்துகொண்டு போனவளும் நான்.

"உன்னப் பாக்கக்கூடாதுன்னு பொய் சொன்னேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "ஊர்ப் புள்ளைங்க படுத்துக் கெடக்குதுங்க. எனக்கு எதுவும் வேணாம். இத நான் முடிக்கணும். கூட இரு."

அதற்கு முன்னால் நான் கும்பிட்டதெல்லாம் கேட்பதற்காக. கூட இரு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அகப்பைத் தண்ணீர் ஆடாதபடி பிடித்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். சின்னையா போன பிறகு வந்த முதல் அழுகை அது.

ஆஸ்பத்திரிக்கு நேரே போனேன். டிரஸ்ஸர் அகப்பையைப் பார்த்தார். "எங்க எடுத்தீங்க?"

"அம்மன் ஊத்துல. டிரஸ்ஸர் ஐயா, நான் ஒரு தடவகூட அங்க போனதில்ல. பாத்தேன் பாத்தேன்னு சொன்னதெல்லாம் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலையை விட்டு நீக்கினால் அதுவும் நியாயம்தான் என்று நின்றேன். அவர் எழுந்துபோய், அந்த ஆணியிலிருந்த வெள்ளை நூலை எடுத்துவிட்டுச் சிவப்பு நூலைத் தொங்கவிட்டார்.

"இப்ப கண்ணால பாத்துட்டீங்க. அடுத்து என்ன செய்யலாம், சொல்லுங்க."

"அந்தத் தண்ணியில எண்ணெய் ஊத்த விடமாட்டாங்க."

"தோட்டத்துத் துரைகிட்ட நான் ஒரு வார்த்த சொன்னா, நாளைக்கே ஆள வச்சி ஊத்திருவாரு. ஆனா அதுக்கப்புறம் இந்த ஜனங்க நம்மள எந்தத் தண்ணிப் பக்கமும் அண்ட விடமாட்டாங்க. நான் வேற வேதக்காரன்."

"எண்ணெயே வேணாம்யா. அடிச்சரிவு ஓடைய கல்லு போட்டு, மண் குழாய் எறக்கி மூடினோமே, அது மாதிரி மூடிட்டா? தண்ணி உள்ளேயே ஓடி கோயில் பக்கம் குழாயில விழட்டும். வெயில் படாது, கொசு எறங்காது."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழாய் நான் வாங்கித் தரேன். ஜனங்க சம்மதத்த நீங்க வாங்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள. அதுக்கு மேல போனா அடுத்த கூட்டம் பறக்க ஆரம்பிச்சிரும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலப் பூசைக்கு லயமே திரண்டிருந்தது. நோய்க்காலம் அல்லவா. அன்று புதிதாக மொண்ட ஊற்றுத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு நானும் போனேன். எண்ணெய் நாற்றத்துக்கு ரெண்டு பேர் விலகி வழி விட்டார்கள். பூசாரி வேலு அபிஷேகக் குடத்தைத் தூக்கிய சமயம்.

"அண்ணே, ஊத்துறதுக்கு முன்ன இத ஒரு தடவ பாருங்க" என்று கிண்ணத்தை நீட்டினேன்.

அவர் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்னா இது, தூசியா?"

"உத்துப் பாருங்க. நவுருது."

அவர் முகம் மாறியது. "எங்க எடுத்த?"

"நீங்க குடத்துல எடுத்த அதே எடத்துல. இதுதாண்ணே குளிர் காய்ச்சக் கொசுவோட குஞ்சு. மரத்த வெட்டினதும் வெயில் பட்டுப் பொரிஞ்சிருக்கு. வாரா வாரம் நான் பாத்திருக்கணும். பாக்கல. பாத்தேன்னு டிரஸ்ஸர்கிட்ட பொய் சொன்னேன். அம்மா மேல கோவத்துல இந்த வாசல மிதிக்கல. எல்லாரும் என்னை ஏசுங்க, அடிங்க. ஆனா இந்த ஊத்த மூடணும்."

கூட்டத்தில் மீனாட்சி நின்றிருந்தாள். அவள் கண்ணை நான் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய கங்காணிக்கு இது போதுமானதாக இருந்தது. "கேட்டீங்களா? புருஷன் புள்ள செத்த ஆத்திரத்துல அம்மா ஊத்தையே மூடப் பாக்கறா! பொய்யின்னு அவ வாயாலயே சொல்றா. இவ பேச்சக் கேட்டு அம்மா கண்ண அடைக்கறதா?"

பூசாரி வேலு அதிகம் பேசுகிறவர் இல்லை. பகலில் பாலுக்காக ரப்பர் மரம் சீவுவார், வெள்ளிக்கிழமை மணி அடிப்பார். அவர் கிண்ணத்தை இன்னொரு தடவை விளக்கில் பிடித்தார். பிறகு அபிஷேகக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கல்மேல் கவிழ்த்தார்.

"ரெண்டு மாசமா இதையா நான் அம்மா தலையில ஊத்திக்கிட்டு இருந்தேன்?" என்றார். "கங்காணி, புழு மெதக்கற தண்ணிய அம்மாவுக்கு ஊத்தற பாவத்த நீங்க ஏத்துக்கறீங்களா? என்னால முடியாது. எம்பையன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். பூசாரி நான் சொல்றேன். ஞாயித்துக்கிழம இந்த ஊத்துக்குக் கூரை போடறோம். அம்மாவுக்குக் கூரை இருக்கு, அவ தண்ணிக்கு வேணாமா?"

மூடுவது என்று நான் சொன்னதை அவர் கூரை போடுவது என்றார். அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அகப்பைக்குப் பதில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்பே அங்கே ஒருத்தி தலையில் கல் சுமந்து வந்துகொண்டிருந்தாள். மீனாட்சி. கல்லை என் காலடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஒம் மேல கோவம் இருக்குக்கா."

"இருக்கட்டும்டி. நியாயந்தான்."

"வேல முடியட்டும், அப்புறம் ஏசறேன்" என்று சொல்லி அடுத்த கல்லுக்குப் போனாள்.

டிரஸ்ஸர் தோட்டத்து மாட்டு வண்டியில் மண் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கோயில் எல்லைக்கு வெளியிலேயே நின்றார். பூசாரி போய் அவர் கையைப் பிடித்து, "வாங்கய்யா, உள்ள வந்து எப்படின்னு காட்டுங்க" என்று அழைத்து வந்தார். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையை முட்டிவரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். முதலில் ஊற்றுக்கண்ணைச் சுற்றிப் பெரிய கல், அதன்மேல் சின்னக் கல், பிறகு சரளை. நடுவில் குழாய், ஒன்றின் வாயில் ஒன்று செருகி, கோயில் முன்புறம் வரை. ஒவ்வொரு குழாய்க்கும் சரிவு சரியா என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். மேலே தழை போட்டு, களிமண் மெழுகி, புல் பத்தை ஒட்டினோம். ஆண்கள் தோண்ட, பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். எண்ணெய் கேங்கின் கையைத் தொடமாட்டேன் என்றிருந்தவர்கள் எல்லாம் என் கையிலிருந்து கல் வாங்கினார்கள்.

ஊற்றுக்கண்ணுக்கு மேலே வைக்க வேண்டிய மூடுகல்லை நாலு பேராலும் அசைக்க முடியவில்லை. மத்தியானம் பெரிய கங்காணி வந்து கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "தள்ளுங்கடா, கல்லு தூக்கற மொகரையா இது" என்று குனிந்தார். ஐந்தாவது தோள் அவருடையது. கல் உட்கார்ந்தது.

சாயங்காலம் கோயில் முன்னால் குழாய் வாயில் தண்ணீர் முதலில் சேறாக வந்தது, பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாக. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி முதல் குடத்தைப் பிடித்து அம்மனுக்கு ஊற்றினார். நான் கதவோரத்தில் நின்று கும்பிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மூன்று வாரம் பழைய கொசு கடித்தது, புதுக் காய்ச்சலும் வந்தது. டிரஸ்ஸர் வீடு வீடாகப் போய்க் கண்ணெதிரே காய்ச்சல் மருந்தான கொய்னாவை விழுங்க வைத்தார். நான்காம் வாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பாய்களைச் சுருட்டினார்கள். பூசாரி மகன் எழுந்து நடந்தான். மீனாட்சியின் பெண் ஒரு காலையில் பசிக்கிறது என்று அழுதாள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் மடியில் போட்டு, "புடி, நான் கஞ்சி காச்சிட்டு வரேன்" என்றாள். ஏசுவதற்கு வைத்திருந்ததை அவள் ஏசவே இல்லை. அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை. டிரஸ்ஸரின் கொய்னாவும் அம்மனும் என்று நான் சொல்வேன். அம்மனை விட்டுவிட்டு ஆண்டவர் என்று அவர் சொல்வார். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

என் வேலை மாறவில்லை. அதே டின், அதே ஓடை. ஆனால் வஞ்சம் போய்விட்டது. முன்பு செத்த புழுவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது ஓடையிலிருந்து திரும்பும்போது லயத்தில் விளையாடுகிற பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பேன். சதை பிடிக்கிறதா, ஓடுகிறதா என்று. பொன்னியின் பெயரைச் சொல்லி மற்றவர்களிடம் பேச எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்கு அடம் பிடிப்பாள் என்று மீனாட்சியிடம் சொல்லிக்கொண்டே டின் சுமப்பேன்.

மூன்று வருஷம் கழித்து ஜொகூர் பாருவிலிருந்து பெரிய வெள்ளைக்கார டாக்டர் வந்தார். பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்தோம். அவர் கை ஒவ்வொரு வயிறாகப் போனது. கடைசிப் பிள்ளை எழுந்து ஓடிய பிறகு டிரஸ்ஸரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரஸ்ஸர் என்னைக் கைகாட்டி நாலைந்து வார்த்தை சொன்னார். டாக்டர் தொப்பியை எடுத்து எனக்குத் தலையசைத்தார். வண்டி போன பிறகு நான் கேட்டேன்.

"என்னய்யா சொன்னீங்க?"

"புழு எல்லாம் எங்க போச்சுன்னு கேட்டாரு. இந்த அம்மாகிட்ட கேளுங்க, அவங்க கண்ணால பாக்காம எதையும் சொல்லமாட்டாங்கன்னேன்."

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவே அதிகம்.

அந்தத் தோட்டத்தில் முன்பெல்லாம் பிள்ளை பிறந்தால் உடனே பெயர் வைக்கமாட்டார்கள். ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்று 'குட்டி', 'பாப்பா' என்றே கூப்பிடுவார்கள். போய்விட்டால் பெயரோடு போக வேண்டாமே என்ற பயம். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் பார்த்தால் பிறந்த பதினாறாம் நாளே பெயர் வைத்து, லயம் முழுக்கச் சர்க்கரை கொடுக்கிறார்கள்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. படிக்கிற வயசில் இத்தனை பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று சர்க்கார் சட்டம். துரை காய்ச்சல் காலத்துப் பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, ஒரு சின்னக் கொட்டகையும் நாலு பெஞ்சும் போதும் என்று போட்டுவிட்டார். திறந்த அன்று காலை தாய்மார்கள் பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி, தலை வாரி, கூட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். பெஞ்சு நிறைந்தது. தரை நிறைந்தது. ஜன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். வாத்தியார் கையில் பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு திணறினார். நான் டின்னைச் சுமந்துகொண்டு ஓடைக்குப் போகும் வழியில் அங்கே நின்றேன். குதிரையை விட்டு இறங்கிய துரை, அவருக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏ பாக்கியம்! இவ்ளோ புள்ள எங்க இருந்து வந்திச்சி? வேற தோட்டத்துப் புள்ளயா?"

"இல்லைங்க துரை" என்றேன். "எங்கேயும் இருந்து வரல. எங்கேயும் போகல, அவ்வளவுதான்."

துரைக்குப் புரிந்ததோ என்னவோ. வாத்தியார் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கொட்டகை அதிர, "இருக்கேன் சார்!" என்று ஒரு குரல் எழுந்தது. கடைசிப் பெயர்வரை நின்று கேட்டேன். அன்று ஓடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன். இருபது வருஷத்தில் நான் தாமதமாகப் போன நாள் அது ஒன்றுதான்.